அம்புக்குறி இல்லாத பெட்டி

இல்ல சார், நீங்க ஜன்னல் பக்கமே உட்காருங்க. எனக்கு இந்த ஓரம்தான் வசதி. அந்தா முன்னாடி, டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டுல ஒருத்தர் உட்கார்ந்திருக்காரு பாருங்க, நரைச்ச தலை. அவரு என்கூட வந்தவர். அவர் மேல ஒரு கண்ணு வெச்சுக்கிட்டே வரணும். ரெண்டு பேருக்கும் சேர்ந்த மாதிரி இடம் கிடைக்கல. அடுத்த வண்டி எப்பன்னு துறையூர் ஸ்டாண்டுல கேட்டா ஒருத்தன் பத்து நிமிஷங்கிறான், ஒருத்தன் முக்கால் மணிங்கிறான். சரி ஏறித் தொலைவோம்னு ஏறிட்டோம்.

நீங்க சத்திரம் பஸ் ஸ்டாண்டா? நாங்களும்தான். ஒன்றரை மணி நேரம் ஆகுமா சார்? ஆகாதுல்ல? இவன் வேற புலிவலம் புலிவலம்னு இன்னும் ஆளைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கான். எடுய்யா வண்டியை.

சொந்தக்காரர் இல்ல சார். இன்னைக்குக் காலையிலதான் மொத மொதல்ல பார்க்கிறேன். பெரியண்ணன்னு பேரு, வெங்காய மண்டியில மூட்டை தூக்குறவர். திருச்சியில நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். டாக்டரா? என்னைப் பார்த்தா டாக்டர் மாதிரியா இருக்கு? நான் கம்ப்யூட்டர் சார். டேட்டாபேஸ் பார்க்கிறவன். மதிவாணன். பதினேழு வருஷமா அதே நாற்காலி. நீங்க? டிராயிங் மாஸ்டரா! அட, அப்ப உங்களுக்கு நான் சொல்றது பளிச்சுனு புரியும். மத்தவங்களுக்குப் புரியல சார். அதான் பிரச்சனையே.

விஷயம் என்னன்னா, அந்த மனுஷன் உடம்புக்குள்ள ஒரு குழாய் இருக்கு. சிறுநீரகத்துல கல்லுன்னு போன டிசம்பர்ல எங்ககிட்ட ஆபரேஷன் பண்ணிக்கிட்டாரு. கல்லை எடுத்துட்டு, உள்ள புண்ணு ஆறுற வரைக்கும் சின்னதா ஒரு பிளாஸ்டிக் குழாயை வெச்சு அனுப்புவாங்க. ஒன்றரை மாசத்துல திரும்ப வந்து எடுத்துக்கணும். வலி இருக்காது, அதனால மறந்துடுவாங்க. மறந்தா உள்ளேயே உப்புப் படிஞ்சு அடைச்சுக்கும், கிட்னிக்கே ஆபத்து. ஜனவரியில எடுத்திருக்கணும். இப்ப ஏப்ரல் முடியப் போகுது. குழாய் இன்னும் உள்ளதான் இருக்கு.

இது என் தப்புன்னு மெமோ கொடுத்திருக்காங்க சார். நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க, இது என் தப்பான்னு.

டேட்டாபேஸ்னா என்னன்னு ரெண்டு வார்த்தையில சொல்லிடறேன். அடியில பட்டியல். நோயாளி பட்டியல், மருந்துப் பட்டியல், இப்படி. டேபிள்னு சொல்வோம். அதுக்கு மேல வியூ. அதுக்குச் சொந்தச் சரக்குன்னு எதுவும் கிடையாது, நாலு பட்டியலை எட்டிப் பார்த்து ஒரே பட்டியல் மாதிரி காட்டும். அதுக்கு மேல புரொசீஜர். முதல்ல இதைச் செய், அப்புறம் அதைச் செய்னு எழுதி வெச்ச ஸ்கிரிப்ட். அது வியூவைக் கூப்பிடும், இன்னொரு புரொசீஜரைக் கூப்பிடும். ஒண்ணை நம்பி ஒண்ணு. அடியில இருக்கறதை உருவினா மேல இருக்கறது தொபுக்கடீர்.

எங்ககிட்ட மொத்தம் ஆயிரத்து நூத்தி நாப்பது இருந்துச்சு. பதினேழு வருஷத்துல யார் யாரோ வந்து எழுதிப் போட்டுட்டுப் போனது. புதுசு, புதுசு2, புதுசு_கடைசி, அழிக்காதே, அழிக்கலாம். எல்லாம் பேரு சார், சிரிக்காதீங்க. டெம்ப்னு, அதாவது தற்காலிகம்னு, எவனாவது பேரு வெச்சுட்டான்னா அது சாகாவரம் வாங்கிடுச்சுன்னு அர்த்தம். எங்க தொழில்ல அப்படித்தான்.

போன வருஷம் புது சர்வருக்கு மாத்தணும்னு முடிவாச்சு. வரிசை தப்பாம மாத்தணும். டேபிள் முதல்ல, வியூ அப்புறம். சட்டையைப் போட்டுட்டுப் பனியனைத் தேட முடியுமா? எது எதை நம்பி இருக்குன்னு யாருக்குமே தெரியல. ஒருத்தருக்கும் தெரியல சார்! எங்க ஐடி ஹெட் கணேஷ்ராமுக்குத் தெரியுமான்னா, அவருக்கு அவர் பாஸ்வேர்டே தெரியாது. நான்தான் சொன்னேன், நான் கண்டுபிடிச்சுத் தரேன்னு.

ஒரு புரோகிராம் எழுதினேன். அது எல்லா ஸ்கிரிப்டையும் வரி வரியாப் படிக்கும். எந்த ஸ்கிரிப்டுக்குள்ள எந்தப் பேரு வருதுன்னு பொறுக்கி எடுக்கும். பேரு வந்துச்சுன்னா ஒரு அம்பு. இந்தப் பெட்டியிலேர்ந்து அந்தப் பெட்டிக்கு. நாலு மாசம் சார். சாப்பிடும்போதும் அம்பு, பல்லு விளக்கும்போதும் அம்பு. கடைசியில பத்து சார்ட் தாளை ஒட்டி, ஐடி ரூம் சுவர் முழுக்கப் படமா மாட்டினேன். பதினோரு அடி. டேபிள் பச்சை, வியூ நீலம், புரொசீஜர் சிவப்பு. நீங்க பார்த்திருக்கணும். எங்க எம்.டி. வந்து அது முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாரு. எந்த அம்பு எங்க போகுதுன்னு அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. இருந்தாலும் எடுத்துக்கிட்டாரு.

ரெண்டு சத்திரம் கொடுங்க கண்டக்டர். ஒண்ணு எனக்கு, ஒண்ணு அந்தா, அவருக்கு. சில்லறை இல்லைய்யா. சரி சரி, இறங்கும்போது கொடு.

எங்க விட்டேன்? ஆங், படம். அந்தப் படத்துல முப்பத்தெட்டு பெட்டிக்கு அம்பே இல்ல. உள்ள வரவும் இல்ல, வெளிய போகவும் இல்ல. யாரும் கூப்பிடல, யாருக்கும் வேண்டாம். அனாதைன்னு சொல்வோம். அதை எதுக்குப் புது வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகணும்? அழிச்சுடலாம். ஆனா நான் எடுத்தேன் கவுத்தேன்னு அழிக்கிற ஆள் கிடையாது. எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. அழிக்கறதுக்கு முன்னாடி பேரை மாத்தி வெச்சுட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கணும். யாராவது கத்துறாங்களான்னு பார்க்கணும். உண்மையாவே அதுக்குக் கத்தல் டெஸ்ட்னுதான் பேரு. எதையாவது நம்பி ஒரு வேலை ஓடிக்கிட்டு இருந்தா அது நின்னுடும். நின்னா அந்த ஆள் கத்துவான். கத்தினா பழைய பேரைத் திருப்பி வெச்சுட்டு மன்னிப்புக் கேட்டுக்கலாம். முப்பது நாள் கத்தலைன்னா அழிச்சுடலாம்.

ஜனவரி ரெண்டாம் தேதி பேரை மாத்தினேன். எல்லாருக்கும் மெயில் போட்டேன். நாப்பத்தி மூணு பேருக்கு. உங்க வேலை ஏதாவது நின்னா டிக்கெட் போடுங்க, அதாவது கம்ப்யூட்டர்ல புகார் பதியுங்கன்னு தெளிவா, கொட்டை எழுத்துல. ஒருத்தர் கத்தல. முப்பது நாள், ஒரு காக்கா குஞ்சு கத்தல. பிப்ரவரி ஒண்ணாம் தேதி அழிச்சேன். முப்பத்தெட்டையும்.

அதுல முப்பத்தேழு சரி சார். இன்னைக்கு வரைக்கும் சரி. முப்பத்தெட்டுக்கு முப்பத்தேழு. உங்க ஸ்கூல்ல எந்தப் பையனாவது இப்படி மார்க் வாங்கினா கைதட்டுவீங்களா, மெமோ கொடுப்பீங்களா?

என்ன சார்? அவரா? தலையைக் கம்பியில சாச்சுக்கிட்டிருக்காரா? தூங்குறாரு போல. தூங்கட்டும். ஏறறதுக்கு முன்னாடி நாலு தடவை ஒதுங்கிட்டு ஒதுங்கிட்டு வந்தாரு, வயசாச்சுல்ல. இருங்க, முக்கியமான இடத்துக்கு வந்திருக்கேன்.

அந்த முப்பத்தெட்டாவது. யூரோ டெம்ப்னு ஒரு டேபிள். பேரைப் பாருங்க, டெம்ப். யாருக்கெல்லாம் குழாய் வெச்சு அனுப்பியிருக்கோம், எப்ப எடுக்கணும்னு அதுல இருந்திருக்கு. தினம் காலையில ஏழு மணிக்கு ஒரு புரொசீஜர் ஓடி, தேதி நெருங்கினவங்களுக்கு ஃபோன்ல மெசேஜ் அனுப்பும். யூராலஜி, அதான் சிறுநீரகப் பிரிவு, அந்தக் கவுண்ட்டர்ல ஒரு தாளும் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும். என்கூட வேலை பார்த்த ஷாஜகான்னு ஒருத்தர் எழுதிட்டு மஸ்கட் போயிட்டாரு. அவர் என்ன பண்ணியிருக்காரு தெரியுமா? டேபிளோட முழுப் பேரை எங்கேயுமே எழுதல. துறையோட சுருக்கப் பேரை ஒரு இடத்துலேர்ந்து எடுத்து, பின்னாடி டெம்ப்னு ஒட்டி, ஓடும்போதுதான் பேரையே செய்யறாரு. அப்ப என் புரோகிராம் ஆயிரம் ஸ்கிரிப்டைப் படிச்சாலும் அந்தப் பேரு எங்கே கிடைக்கும்? கிடைக்காது. அம்பு விழாது. அது மட்டுமா, அந்தப் பேருல டேபிள் இல்லைன்னா சத்தம் போடாம வெளியே வந்துடுன்னு ஒரு வரி வேற. எர்ரர் இல்ல, எச்சரிக்கை இல்ல. ஏழு மணிக்கு எழுந்திரிக்கும், பார்க்கும், இல்லையா, சரின்னு படுத்துக்கும். இப்படி ஒரு ஸ்கிரிப்டை எழுதின ஆள் மஸ்கட்ல ஜாலியா இருக்காரு, மெமோ எனக்கு.

எங்க தொழில்ல இது பெரிய விஷயம் சார். கத்தத் தெரியாத ஸ்கிரிப்டை எழுதக் கூடாது. மனுஷனும் அப்படித்தான், பிரச்சனைன்னா வாயைத் திறந்து சொல்லணும். எங்க வீட்டுல அந்தப் பேச்சுக்கே இடமில்ல. பத்தொன்பது வருஷத்துல என் மனைவி என்கிட்ட ஒரு வார்த்தை குரலை உசத்திப் பேசினது கிடையாது. இப்ப ரெண்டு மாசமா அவங்க அக்கா வீட்டுல இருக்காங்க, கரூர்ல. சண்டையான்னு கேக்கறாங்க எல்லாரும். என்ன சண்டை? ஒரு சத்தம் இல்ல. சும்மாதான் போயிருக்காங்க.

புலிவலம் வந்துடுச்சா? இவ்வளவு நேரமா? இப்படி மாட்டு வண்டி மாதிரி ஓட்டினா எப்ப சார் போய்ச் சேர்றது? பன்னெண்டு மணிக்குள்ள டாக்டரைப் பார்த்தாகணும், அப்பதான் இன்னைக்கே குழாயை எடுத்து, இன்னைக்கே என் வரியை முடிக்க முடியும். என்ன வரியா? சொல்றேன்.

போன வாரம் மெசேஜ் கணக்கு பார்த்திருக்காங்க. யூராலஜிக்கு ஜனவரியிலேர்ந்து பூஜ்யம். ஒரே களேபரம். ஆபரேஷன் தியேட்டர் ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தா, மெசேஜ் போயிருக்க வேண்டியவங்க நூத்தி முப்பத்தி நாலு பேர். பொய் சொல்லல சார், நூத்தி முப்பத்தி நாலு கிட்னின்னுதான் மனசுல ஓடுது. அப்புறம் ஒவ்வொண்ணாப் பார்த்தா, நூத்தி முப்பத்தி மூணு பேர் வந்து குழாயை எடுத்துட்டுப் போயிருக்காங்க! தேதி தவறாம! ஒருத்தருக்கும் மெசேஜ் போகல, எல்லாரும் வந்திருக்காங்க. நான் சொன்னேன், பார்த்தீங்களா, அந்த டேபிளை நம்பி யாருமே இல்ல, என் படம் சரின்னு சொன்னேன். மீட்டிங்லயே சொன்னேன்.

அப்ப ஜெசிந்தாம்மாவைக் கூப்பிட்டாங்க.

ஜெசிந்தாம்மா யாருன்னா, யூராலஜி கவுண்ட்டர்ல இருக்கிற நர்ஸ். அம்பது வயசு இருக்கும். பேசினா பக்கத்துல நிக்கிறவங்களுக்கே கேட்காது, அவ்வளவு மெல்லிசுக் குரல். இவங்கள்லாம் எப்படிம்மா சரியா வந்தாங்கன்னு கணேஷ்ராம் கேட்டாரு. ஃபோன் பண்ணேன் சார்ங்கிறாங்க. யாருக்கு? எல்லாருக்கும். கட்டம் போட்ட நீளமான நோட்டு ஒண்ணு, அதை மேஜை மேல வெச்சாங்க. தியேட்டர் ரெஜிஸ்டரைப் பார்த்து வாரா வாரம் எழுதியிருக்காங்க. பேரு, ஆபரேஷன் தேதி, எடுக்க வேண்டிய தேதி, பேசினது யாருகிட்ட. பொண்ணுகிட்ட சொன்னேன், பக்கத்து வீட்டு டீக்கடையில சொன்னேன், இப்படி. மூணரை மாசம். எந்த ஃபோன்லேர்ந்தும்மான்னு கேட்டாரு. என் ஃபோன்தான் சார்னாங்க.

ஏம்மா யாருகிட்டயும் சொல்லலன்னு கேட்டாரு.

சொன்னேனே சார்ங்கிறாங்க. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கல. ஆனா ரூம்ல இருந்த பதினோரு பேரும் என்னைத்தான் பார்த்தாங்க.

இப்ப நீங்க சொல்லுங்க சார். அவங்க சொன்னாங்களா? வந்தாங்க, இல்லைன்னு சொல்லல. ஜனவரி நாலோ அஞ்சோ, மூணாவது மாடி ஏறி வந்தாங்க. கதவுகிட்ட நின்னுக்கிட்டு, சார், காலையில லிஸ்ட் வரலன்னாங்க. நான் வேலையில இருந்தேன். டிக்கெட் போடுங்கம்மான்னேன். எனக்கு லாகின் இல்ல சார்னாங்க. அப்ப உங்க இன்சார்ஜ்கிட்ட சொல்லிப் போடச் சொல்லுங்கன்னேன். சரின்னு போயிட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு திரும்ப வந்தாங்க. அன்னைக்கு எம்.டி. படத்தைப் பார்க்க வந்திருந்தாரு, நான் விளக்கிக்கிட்டு இருந்தேன். கதவுகிட்ட கொஞ்ச நேரம் நின்னாங்க. நான் திரும்பிப் பார்க்கறதுக்குள்ள போயிட்டாங்க. மூணாவது தடவை லிஃப்ட்ல. ஏதோ ஆரம்பிச்சாங்க, அதுக்குள்ள என் மாடி வந்துடுச்சு.

இதைக் கத்தல்னு எடுத்துக்க முடியுமா சார்? கத்தறதுன்னா என்ன? டிக்கெட் வேணும். மெயில் வேணும். இல்ல மேஜையைத் தட்டி நாலு பேருக்குக் கேட்கற மாதிரி சத்தம் போடணும். மாடி ஏறி வந்து கிசுகிசுன்னு சொல்லிட்டுப் போனா அது எந்தக் கணக்குல சேரும்? அந்த அம்மா பேரு என் படத்துல இல்ல. அந்த நோட்டு என் படத்துல இல்ல. எப்படி வரும்? நான் ஸ்கிரிப்டைத்தானே படிச்சேன், நோட்டையா படிச்சேன்? இதைத்தான் மெமோவுக்குப் பதிலா எழுதப் போறேன். முதல் பத்தி எழுதி வெச்சாச்சு.

ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த நோட்டு என்னை ரெண்டு நாளா தூங்க விடல. ஏன்னு தெரியல. நான் நாலு மாசம் போட்ட படத்தை விட அது சின்ன நோட்டு. அதுல ஒரு கோடு நேரா இல்ல. எனக்கு எரிச்சலா வருது சார், அதை நினைச்சாலே எரிச்சலா வருது. மண்டையில ஓடிக்கிட்டே இருக்கு.

சரி விடுங்க. நூத்தி முப்பத்தி நாலாவது ஆள் இவரு. நோட்டுல இவர் பேருக்கு நேரா ஸ்விட்ச் ஆஃப், ஸ்விட்ச் ஆஃப்னு பதினோரு தேதி எழுதியிருக்கு. ஃபோன் கிணத்துல விழுந்துடுச்சாம், புது நம்பர் வாங்கியிருக்காரு. யாராவது ஊருக்கே போய்ப் பார்க்கணும்னாங்க. ஜெசிந்தாம்மா நான் போறேன்னாங்க. நான்தான் விடல. நான் போறேன்னேன். ஏன்னா நாளைக்குப் பதில் கொடுக்கணும். நூத்தி முப்பத்தி நாலு பேரும் வந்துட்டாங்க, யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லைன்னு ஒரு வரி எழுதணும். அந்த வரிதான் சார். ஒரு பெட்டி மட்டும் திறந்து கிடந்தா எனக்கு நிலைகொள்ளாது.

காலையில எட்டரைக்கெல்லாம் அவர் வீட்டு வாசல்ல நின்னேன். கட்டில்ல படுத்திருந்தாரு. எழுந்து உட்கார்ந்து கும்பிட்டாரு. ஆஸ்பத்திரியிலேர்ந்து வரேன்னதும் நாற்காலியைத் துடைச்சுப் போட்டாரு. நல்ல மனுஷன். நான் எல்லாத்தையும் விளக்கினேன். இது எப்படி நடந்துச்சு, ஏன் மெசேஜ் வரல, டேபிள்னா என்ன, அம்புன்னா என்னன்னு. அவருக்கும் தெரியணும்ல, நாளைக்கு யாராவது கேட்டா என் தப்பு இல்லைன்னு சொல்லணும்ல. தலையை ஆட்டிக்கிட்டே கேட்டாரு. துறையூர் வர்ற வரைக்கும் ஆட்டோவுல நான்தான் பேசிக்கிட்டு வந்தேன், அவர் ஒரு வார்த்தை குறுக்க பேசல. இப்படி ஒரு ஆள் ஐடி ஹெட்டா இருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்.

திருவெள்ளறை தாண்டியாச்சா? நல்லது. இன்னும் அரை மணி.

ஃபோன் அடிக்குது பாருங்க. ஜெசிந்தாம்மாதான். காலையிலேர்ந்து இது ஏழாவது தடவை. எடுக்கல நான். மீட்டிங்ல பதினோரு பேர் முன்னாடி பேசினதுக்கு அப்புறம் இப்ப என்ன பேச்சு? கட் பண்ணிடறேன். இந்த வண்டி சத்தத்துல அவங்க குரல் என்ன கேட்கப் போகுது.

இந்தா, மெசேஜ் வந்துடுச்சு. மெசேஜ் மட்டும் நல்லா அனுப்புவாங்க. இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கறேன். 'சார், அவருக்குக் காய்ச்சல், குளிர் நடுக்கம் இருக்கான்னு மட்டும் கேளுங்க. இருந்தா திருச்சி வரைக்கும் வராதீங்க. வழியில எந்த ஆஸ்பத்திரி இருக்கோ அங்கே உடனே சேர்க்கணும். மணிக்கணக்குல நிலைமை மோசமாகும். தயவு பண்ணி ஃபோனை எடுங்க.'

பாருங்க சார். பயமுறுத்தறாங்க. நான் கேட்காமலா இருப்பேன்? வாசல்லயே கேட்டேன், நல்லா இருக்கீங்களாண்ணேன்னு. இருக்கேன்னாரு. வேற என்ன கேட்கணும்? துறையூர்லேர்ந்து அந்த மனுஷன்கிட்டேர்ந்து ஒரு முனகல் உண்டா? ஏதாவது இருந்தா சொல்லியிருக்க மாட்டாரா?

என்ன சார்?

போர்வையா? அது துண்டுதான். ரெண்டு துண்டு. ஆமா, ரெண்டையும் போர்த்தியிருக்காரு. சித்திரை வெயில்ல. ஆமா. ஜன்னலைக்கூடச் சாத்தி வெச்சிருக்காரு.

ஏன் எழுந்திரிக்கிறீங்க? சார், உட்காருங்க, வண்டி ஆடுது. என்ன பார்க்கிறீங்க? ஆடறது வண்டிதானே. வண்டிதானே ஆடுது சார்?

கொஞ்சம் வழி விடும்மா. கூடையை நகர்த்தும்மா, போகணும். அண்ணே. பெரியண்ணே, இங்க பாருங்க. அய்யோ, கை என்ன இப்படிக் கொதிக்குது? சார், இங்க வாங்க, வந்து தொட்டுப் பாருங்க. பல்லு கிட்டிக்கிட்டு இருக்கு சார் இவருக்கு. அண்ணே, எப்பலேர்ந்து இது?

ராத்திரியிலேர்ந்தா? அப்ப நான் வீட்டுக்கு வரும்போதே இருந்துச்சா? ஏண்ணே சொல்லல? நான் கேட்டேன்ல. வாசல்ல நின்னு நல்லா இருக்கீங்களான்னு கேட்டேன்லண்ணே.

என்ன? கேட்கல, சத்தமாச் சொல்லுங்க. சார், அவர் வாய்கிட்ட காதை வெச்சுக் கேளுங்க, என்ன சொல்றாரு?

நான் பேசிக்கிட்டே இருந்தேனாமா.

கண்டக்டர்! கண்டக்டர், மண்ணச்சநல்லூர் ஆஸ்பத்திரி வாசல்லயே நிறுத்தச் சொல்லுங்க. ஸ்டாப்பிங் இல்லைன்னா என்னய்யா, ஆள் போயிடுவாருய்யா! டிரைவர் அண்ணே, ஹாரனை அடிச்சுக்கிட்டே போங்க, எங்கேயும் நிறுத்தாதீங்க! சார், நீங்க அந்தப் பக்கம் தோளைப் பிடிங்க. விட்டுடாதீங்க. ஜெசிந்தாம்மாவுக்கு நம்பர் போடறேன், இருங்க.

ஹலோ. ஜெசிந்தாம்மா. ஆமா, இருக்கு. நடுக்கம் இருக்கு. ராத்திரியிலேர்ந்தாம். இல்லம்மா, நான் அதைக் கேட்கல. வாயைத் திறந்து கேட்கவே இல்ல. பஸ்லதான், மண்ணச்சநல்லூர்கிட்ட. இப்ப என்ன பண்ணணும் நான்? இல்ல, நல்லா கேட்குது. நான் பேசலம்மா, நீங்க சொல்லுங்க.